தீப்பெட்டி அளவில் ஒரு பத்திரிகை

பள்ளிப் பருவத்தில் கதையும் கவிதையும் எழுதத் தொடங்கும் பிள்ளைகளைப் பெரியவர்கள் பெரும்பாலும் இரண்டு வகையில்தான் எதிர்கொள்கின்றனர். படிப்பைக் கெடுக்கும் வேண்டாத வேலை என்று கடிந்துகொள்வது ஒன்று. நன்றாக இருக்கிறது என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு மறந்துபோவது மற்றொன்று. இரண்டுமே அந்த எழுத்தைப் படிக்காமல் சொல்லப்படும் தீர்ப்புகள் என்பதுதான் வருத்தத்திற்குரியது. ஓர் எழுத்தாளர் தம் இளவயதில் எழுதியவற்றை இலக்கிய ஆய்வாளர்கள் ‘ஜுவெனிலியா’ என்னும் லத்தீன் சொல்லால் குறிப்பிடுவர். தமிழில் இதை ‘இளமைப் படைப்புகள்’ எனலாம். நெடுங்காலம் வாழ்க்கை வரலாற்று நூல்களின் அடிக்குறிப்பில் மட்டுமே இடம்பெற்றிருந்த இவ்வகை எழுத்து, இப்போது தனியொரு ஆய்வுத் துறையாக வளர்ந்துள்ளது. ஜூலியட் மக்மாஸ்டர் என்னும் பேராசிரியர் 1994இல் கனடாவின் ஆல்பர்ட்டா பல்கலைக்கழகத்தில் இளமைப் படைப்புகளை வெளியிடுவதற்கென்றே ‘ஜுவெனிலியா பிரஸ்’ என்ற பதிப்பகத்தைத் தொடங்கினார். ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழகத்திற்கு மாறிய அப்பதிப்பகத்தின் நூல்களைப் பதிப்பிக்கும் பணியில் மாணவர்களும் பங்கேற்கின்றனர்.

இத்துறையில் மிக விரிவாக ஆராயப்பட்ட சான்று, இங்கிலாந்தின் வடபகுதியில் யார்க்‌ஷயர் மாவட்டத்து ஹாவர்த் என்னும் மேட்டு ஊரில், ஒரு குருமனையில் வளர்ந்த நான்கு பிள்ளைகளுடையது. ஷார்லட், ப்ரான்வெல், எமிலி, ஆன் என்ற அந்த ப்ரான்டே உடன்பிறப்புகளில் சகோதரிகள் மூவரும் பின்னாளில் ‘ஜேன் அயர்’, ‘உதரிங் ஹைட்ஸ்’, ‘ஆக்னஸ் கிரே’ ஆகிய நாவல்களை எழுதி, 1847ஆம் ஆண்டின் கடைசி மூன்று மாதங்களுக்குள் அவற்றை அச்சில் கண்டனர். உலகம் அறிந்தது இந்த நாவல்களைத்தான். ஆனால் இவற்றுக்கு முன்பு, ஏறத்தாழ இருபது ஆண்டுகள், அந்தப் பிள்ளைகள் தங்களுக்குள்ளேயே எழுதி, தங்களுக்குள்ளேயே படித்து, ஒருவரையொருவர் விமர்சித்துக்கொண்டு வாழ்ந்த ஓர் எழுத்துலகம் இருந்தது. இன்றைக்குக் கைப்பேசியில் புனைபெயர் வைத்துக்கொண்டு தொடர்கதையும் கவிதையும் எழுதும் ஓர் இளைஞரையோ இளம்பெண்ணையோ புரிந்துகொள்ள விரும்புவோருக்கு, அந்தப் பழைய உலகத்தைவிடத் தெளிவான கண்ணாடி கிடைப்பது அரிது.

தந்தை பேட்ரிக் ப்ரான்டே அயர்லாந்தில் எளிய குடும்பத்தில் பிறந்து, கல்வியின் பலத்தால் கேம்பிரிட்ஜ் வரை சென்று, ஆங்கிலத் திருச்சபையின் குருவானவராகி, 1820இல் ஹாவர்த்துக்கு வந்தவர். அடுத்த ஆண்டே மனைவி மரியா இறந்தார். 1825இல், விடுதிப் பள்ளிக்கு அனுப்பப்பட்ட மூத்த மகள்கள் மரியாவும் எலிசபெத்தும் நோயுற்று வீடு திரும்பி, ஆறு வார இடைவெளியில் ஒருவர்பின் ஒருவராக இறந்தனர். எஞ்சிய நால்வரையும் தாயின் அக்காவும், டாபி என்று அழைக்கப்பட்ட பணிப்பெண்ணும் வளர்த்தனர். இந்தத் துயரம்தான் பிள்ளைகளை எழுத்தாளர்களாக்கியது என்று சிலர் சொல்வதுண்டு. துயரம் மட்டும் யாரையும் எழுத்தாளராக்குவதில்லை. அந்த வீட்டில் புத்தகமும் இருந்தது என்பதைச் சேர்த்துச் சொன்னால்தான் கணக்கு நேராகும். தந்தையே 1811இலும் 1813இலும் கவிதை நூல்களை வெளியிட்டவர். ஆகவே அச்சிட்ட அட்டையில் தங்கள் குடும்பப் பெயரைப் பார்த்து வளர்ந்த பிள்ளைகளுக்கு, நூல் எழுதுவது வேறு யாரோ செய்யும் வேலையாகத் தோன்றவில்லை. அரபுக் கதைகளும் ஈசாப்பும், பனியனும் மில்டனும், வால்டர் ஸ்காட்டும், பல வீடுகளில் பிள்ளைகளின் கைக்கு எட்டாமல் வைக்கப்பட்ட பைரனும் அங்கே தடையின்றிப் படிக்கப்பட்டன. லீட்ஸ் நகரத்துச் செய்தித்தாள்கள் வந்தன. எடின்பரோவிலிருந்து வெளியான ‘ப்ளாக்வுட்ஸ்’ என்ற மாத இதழ் இரவலாகக் கிடைத்தது. தாமஸ் பீவிக் செதுக்கிய மரவெட்டுப் படங்கள் நிறைந்த பறவைகள் நூலைப் பார்த்துப் பிள்ளைகள் வரைந்து பழகினர். அந்த நூலைத் திரைச்சீலைக்குப் பின்னால் ஒளிந்திருந்து புரட்டும் ஒரு சிறுமியுடன்தான் ‘ஜேன் அயர்’ தொடங்குகிறது என்பதைப் படித்தவர்கள் நினைவுகூரலாம்.

1826ஆம் ஆண்டு ஜூன் மாதம் லீட்ஸுக்குச் சென்று திரும்பிய தந்தை, ப்ரான்வெல்லுக்காகப் பன்னிரண்டு மரச் சிப்பாய்கள் அடங்கிய ஒரு பெட்டியை வாங்கிவந்தார். மறுநாள் காலை நால்வரும் ஆளுக்கொரு சிப்பாயை எடுத்துக்கொண்டு பெயர் சூட்டியதை, மூன்றாண்டுகள் கழித்துப் பன்னிரண்டு வயது ஷார்லட் ஒரு தாளில் பதிவுசெய்துள்ளார். ஷார்லட்டின் சிப்பாய் வெலிங்டன் கோமகன் ஆனார். ப்ரான்வெல்லின் சிப்பாய் நெப்போலியன் போனபார்ட் ஆனார். அந்தச் சிப்பாய்களுக்கு ஒரு நாடு தேவைப்பட்டது. நாட்டுக்கு வரைபடமும் தலைநகரும் சட்டமன்றமும் போரும் தேவைப்பட்டன. நகரம் இருந்தால் அதில் செய்தி வெளியிட ஒரு பத்திரிகை வேண்டும் என்பதும் அவர்களுக்கு இயல்பாகவே தோன்றியது. ஆப்பிரிக்காவின் மேற்குக் கரையில் அமைந்ததாக அவர்கள் கற்பனை செய்த அந்த நகரத்துக்குக் ‘கண்ணாடி நகரம்’ என்று பெயர். அரபுக் கதைகளில் வரும் ஜின்களைப்போல, நான்கு பிள்ளைகளும் அந்நாட்டின் நான்கு பூதங்களாகத் தங்களை வைத்துக்கொண்டனர்; ஆட்டத்தில் மாண்ட சிப்பாயை மீண்டும் உயிர்ப்பிக்கும் அதிகாரம் அவர்களிடம் இருந்தது.

இவ்வாறு சிறு வயதில் விரிவாக உருவாக்கப்பட்டு, ஆண்டுக்கணக்கில் தொடர்ந்து வாழப்படும் தனியுலகத்துக்கு உளவியலில் ‘பாராகாஸம்’ என்று பெயர். ‘துணையுலகு’ என்று இதைத் தமிழாக்கலாம். பி.பி.சி. நிறுவனத்தில் நேயர் ஆய்வுப் பிரிவை நடத்திய ராபர்ட் சில்வி, தாமே சிறுவயதில் அத்தகைய ஒரு நாட்டைப் படைத்திருந்தவர். ஓய்வுக்குப் பிறகு அவர் பிறருடைய துணையுலகுகளைத் திரட்டத் தொடங்க, அந்தத் திரட்டை உளநல மருத்துவர் ஸ்டீபன் மக்கீத் தொடர்ந்து ஆராய்ந்தார். துணையுலகு படைக்கும் பிள்ளை நடப்பு வாழ்க்கையிலிருந்து தப்பி ஓடுகிறது என்ற எண்ணம் பொதுவாக உண்டு. ஹாவர்த் பிள்ளைகளின் தாள்களைப் பார்த்தால் நிலைமை வேறாக இருக்கிறது. தேர்தல், நாடாளுமன்ற விவாதம், புத்தக விமர்சனம், விளம்பரம், நாடு பிடிக்கும் போட்டி என்று பெரியவர்களின் உலகத்தில் அவர்கள் கண்ட ஒவ்வொன்றும் அந்தக் கற்பனை நாட்டில் உண்டு. அவர்கள் உலகத்தைவிட்டு ஓடவில்லை. அதைக் கைக்கு அடக்கமாகச் செய்து, பிரித்துப் பார்த்துக் கற்றுக்கொண்டனர்.

கைக்கு அடக்கம் என்பது இங்கே உவமை மட்டுமல்ல. 1829 ஜனவரியில் ப்ரான்வெல் தொடங்கிய கையெழுத்துப் பத்திரிகையை, அதே ஆண்டின் நடுப்பகுதியில் ஷார்லட் ஏற்று நடத்தலானார். 1830இல் அது ‘இளைஞர் இதழ்’ என்று பொருள்படும் பெயருடன் வெளிவந்தது. அவ்விதழ்களில் ஒன்றின் பக்கம் ஏறத்தாழ 35 மில்லிமீட்டர் அகலமும் 61 மில்லிமீட்டர் உயரமும் கொண்டது. ஒரு சாதாரணத் தீப்பெட்டியைவிடச் சற்றே நீளம், அவ்வளவுதான். அதன் 20 பக்கங்களில் 4,000க்கும் மேற்பட்ட சொற்கள் உள்ளன. கூட்டெழுத்தில் எழுதாமல், அச்செழுத்தைப்போல ஒவ்வோர் எழுத்தையும் தனித்தனியாக நிறுத்தி, பறவை இறகுப் பேனாவால் எழுதப்பட்ட அந்தப் பக்கத்தை வெறுங்கண்ணால் படிப்பது கடினம். ஆய்வாளர்கள் பூதக்கண்ணாடியைக் கையில் பிடித்துக்கொண்டுதான் வரி வரியாக நகர்கின்றனர். தலைப்புப் பக்கம், பொருளடக்கம், வெளியீட்டு மாதம், கடைசியில் விளம்பரங்கள் என்று உண்மையான மாத இதழுக்கு உரிய எதுவும் விடுபடவில்லை. இத்தகைய சிறுநூல்களின் தாள்கள் ஊசியும் நூலும் கொண்டு கையால் தைக்கப்பட்டன. கடைக்காரர் சர்க்கரைப் பொட்டலம் கட்டும் தடித்த காகிதமும், சுவரில் ஒட்டும் தாளின் துண்டும் அவற்றுக்கு அட்டைகளாயின. அக்காலத்தில் இங்கிலாந்தில் காகிதத்துக்கு வரி உண்டு. அது நீக்கப்பட்டது 1861இல்தான். ஆகவே கிடைத்த துண்டை வீணாக்காமல் நிரப்புவது சிக்கனம். சிப்பாய்கள் படிக்கும் பத்திரிகை சிப்பாயின் கைக்குப் பொருந்தும் அளவில் இருக்கவேண்டும் என்பது ஆட்டத்தின் விதி. இவ்விரண்டோடு, பெரியவர்களின் கண்ணுக்கு எளிதில் புலப்படாத எழுத்து என்ற வசதியும் சேர்ந்தது. பார்வை மங்கிவந்த தந்தை 1833இல் ஷார்லட்டுக்கு ஒரு நோட்டுப் புத்தகத்தைக் கொடுத்தபோது, இதில் எழுதுவதெல்லாம் தெளிவாகப் படிக்கும்படியான கையெழுத்தில் இருக்கவேண்டும் என்று அதன் முதல் பக்கத்தில் எழுதிக் கொடுத்தார். அந்தக் கண்டிப்பில் இருக்கும் அன்பைக் கவனிக்கவேண்டும்: எழுதாதே என்று அவர் சொல்லவில்லை, எழுதுவதற்கு நோட்டு வாங்கிக் கொடுத்துவிட்டு, கையெழுத்தைத்தான் திருத்தச் சொன்னார்.

இந்த எழுத்துகளில் பெரும்பகுதி போலச்செய்தல். பத்திரிகை ப்ளாக்வுட்ஸின் நகல். கவிதை பைரனின் எதிரொலி. நாட்டின் வரைபடமோ அதே ப்ளாக்வுட்ஸில் வெளியான ஆப்பிரிக்க வரைபடத்தைத் தழுவியது. நாயகர்களும் கடன் வாங்கப்பட்டவர்களே. வெலிங்டன் கோமகன் அப்போது உயிரோடு இருந்தவர், 1828 முதல் 1830 வரை பிரிட்டனின் பிரதமராகவும் விளங்கியவர். ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்பு சுல்தானுக்கு எதிரான போரில் பங்கேற்ற ஆர்தர் வெல்லெஸ்லியும் அவரே, நீலகிரியில் குன்னூரை அடுத்த வெலிங்டன் என்ற ஊர்ப்பெயருக்குக் காரணமானவரும் அவரே. அவருக்கு ஆர்தர், சார்லஸ் என்று இரண்டு மகன்கள் இருந்தனர். அவ்விருவரையும் நேரில் கண்டிராத ஷார்லட், மூத்தவரைக் காதல் நாயகனாகவும் இளையவரைக் கதை சொல்பவராகவும் ஆக்கிக்கொண்டு, ‘சார்லஸ் வெல்லெஸ்லி பிரபு’ என்ற பெயரிலேயே கதைகளை எழுதினார். புகழ்பெற்ற ஒருவரையோ, ஏற்கெனவே வெளியான கதையின் பாத்திரங்களையோ எடுத்துக்கொண்டு, அவர்களுக்குப் புதிய நிகழ்ச்சிகளைக் கற்பித்து வாசகர்களே எழுதும் கதைக்கு இன்று ‘ஃபேன் ஃபிக்‌ஷன்’, அதாவது ரசிகர் புனைவு, என்று பெயர். பெயர்தான் பிந்தியது. ஷார்லட் பதின்மூன்று வயதில் செய்தது அதுவே.

போலச்செய்வதைக் குறைவாகப் பேசும் வழக்கம் கலைப் பயிற்சியின் வரலாற்றோடு பொருந்தாது. இசை கற்பவர் குருவின் பாடாந்தரத்தை அப்படியே பாடித்தான் தொடங்குகிறார். சிற்பம் கற்பவர் முன்னோர் வடித்த அளவுகளை முதலில் கைக்குள் கொண்டுவருகிறார். எழுத்தில் மட்டும் முதல் வரியே தனித்துவமாக இருக்கவேண்டும் என்று பதினைந்து வயதுப் பிள்ளையிடம் எதிர்பார்ப்பது நியாயமன்று. அதேநேரத்தில், கடன் வாங்கும் பிள்ளை அந்தக் கடனோடு சேர்ந்துவரும் கறையையும் வாங்கிக்கொள்கிறது என்பதையும் மறைக்கக்கூடாது. கண்ணாடி நகரம் அசாந்தி மக்களின் மண்ணில் வெள்ளைச் சிப்பாய்கள் கைப்பற்றி எழுப்பிய நகரம். அந்த மக்கள் கதை நெடுகிலும் அடக்கப்படவேண்டிய எதிரிகளாகவே வருகின்றனர். குருமனைப் பிள்ளைகள் ஆப்பிரிக்காவைப் பார்த்ததில்லை. பேரரசின் பத்திரிகைகள் சொன்ன ஆப்பிரிக்காவைத்தான் அவர்கள் அறிந்திருந்தனர். வெள்ளையர் ஆட்சியை அனுபவித்த நாட்டிலிருந்து படிக்கும் வாசகருக்கு அப்பக்கங்கள் உறுத்தத்தான் செய்யும், உறுத்தவேண்டும். பிள்ளைகளின் கையில் எதைப் படிக்கக் கொடுக்கிறோம் என்ற கேள்வி அங்கிருந்தே எழுகிறது.

போலச்செய்தல் மட்டுமே இருந்திருந்தால் அது வெறும் விளையாட்டாக முடிந்திருக்கலாம். அதைப் பயிற்சியாக்கியது, பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்த வாசகர். 1830இல் ஷார்லட் எழுதிய ஒரு நாடகம், பெரிய கவிஞன் என்று தன்னை நினைத்துக்கொண்டு பிதற்றும் ஓர் இளைஞனைக் கேலி செய்கிறது. அந்த இளைஞன் ப்ரான்வெல்லின் கவிஞர் வேடத்தின் சாயல் என்பது நால்வருக்கும் தெரியும். ப்ரான்வெல்லோ, ஷார்லட் ஊரில் இல்லாத நேரத்தில் அவருக்குப் பிடித்த ஒரு பெண் பாத்திரத்தைச் சாகடித்துவிட, பின்னர் ஷார்லட் அந்தப் பாத்திரத்தைத் தம் கதையில் மீண்டும் உயிரோடு கொண்டுவந்தார். இருவரும் சேர்ந்து கண்ணாடி நகரத்திலிருந்து ‘ஆங்க்ரியா’ என்ற பேரரசை வளர்த்தெடுக்க, இளையவர்கள் எமிலியும் ஆனும் அதிலிருந்து பிரிந்து, பசிபிக் பெருங்கடலின் வடபகுதியில் ‘கோண்டால்’ என்ற தீவு நாட்டைத் தங்களுக்கென்று அமைத்துக்கொண்டனர். மூத்தவர்களின் ஆண் நாயகர்களுக்கு மாறாக, கோண்டாலின் மையத்தில் ஆளுமை மிக்க ஓர் அரசி இருந்தாள்.

கவிதையைப் பொறுத்தவரை, கோண்டால்தான் இந்த முழு வரலாற்றிலும் மிக வளமான இடம். எமிலியின் கவிதைகளாக ஏறத்தாழ 200 கிடைத்துள்ளன. அவற்றுள் கணிசமானவை கோண்டால் பாத்திரங்கள் பேசுவனவாக அமைந்தவை. சிறையில் கிடப்பவர், நாடு கடத்தப்பட்டவர், பதினைந்து ஆண்டுகளுக்கு முன் இறந்தவரைக் கல்லறையருகே நினைப்பவர் என்று ஒவ்வொரு கவிதையிலும் வேறொருவர் பேசுகிறார். சங்கப் பாடல்களில் புலவர் தாமாகப் பேசாமல் தலைவி கூற்றாகவும் தோழி கூற்றாகவும் பாடும் மரபை அறிந்த தமிழ் வாசகருக்கு இந்த முறை அந்நியமாக இராது. கூச்ச சுபாவம் மிகுந்து, வீட்டைவிட்டு வெளியே இருக்கும்போதெல்லாம் உடல்நலம் குன்றிய ஒரு பெண், தன் பெயரில் சொல்லத் துணியாததை இன்னொருத்தியின் வாயில் வைத்துச் சொல்ல முடிந்தது. முகமூடி அவரை மறைக்கவில்லை, பேச வைத்தது. 1844 பிப்ரவரியில் அவர் தம் கவிதைகளை இரண்டு நோட்டுகளில் படியெடுக்கத் தொடங்கினார்: ஒன்று கோண்டால் கவிதைகளுக்கு, மற்றது ஏனையவற்றுக்கு. அடுத்த ஆண்டு ஜூன் இறுதியில் எமிலியும் ஆனும் யார்க் நகருக்கு ஒரு சிறு பயணம் சென்றனர். எமிலிக்கு 27 வயது நிறைய ஒரு மாதமே இருந்தது. ஆனுக்கு வயது 25. பயணம் முழுவதும் தாங்கள் கோண்டால் பாத்திரங்களாகவே நடித்துக்கொண்டு சென்றதை எமிலி தம் நாட்குறிப்புத் தாளில் மகிழ்ச்சியோடு எழுதிவைத்திருக்கிறார். ‘உதரிங் ஹைட்ஸ்’ அச்சில் வருவதற்கு அப்போது இரண்டரை ஆண்டுகள்தான் இருந்தன.

வெளியுலகத்தின் வாசல் அவர்களுக்கு எளிதில் திறக்கவில்லை. 1836 டிசம்பரில் ஷார்லட் தம் கவிதைகளை அரசவைக் கவிஞர் ராபர்ட் சௌதீக்கு அனுப்பினார். 1837 மார்ச்சில் வந்த பதில் அவருடைய திறமையை ஒப்புக்கொண்டது. ஆனால் இலக்கியம் ஒரு பெண்ணின் வாழ்க்கைத் தொழிலாக இருக்க முடியாது, இருக்கவும் கூடாது என்று அறிவுறுத்தியது. அதே 1837இல் ப்ரான்வெல் வேர்ட்ஸ்வொர்த்துக்கு எழுதிய கடிதத்துக்குப் பதிலே வரவில்லை. சௌதீ கடுமையான மனிதர் அல்லர். அவர் கடிதம் கனிவாகவே எழுதப்பட்டிருக்கிறது. கனிவான குரலில் சொல்லப்பட்டதாலேயே அந்த அறிவுரை இன்னும் கொடியதாகிறது. அப்போது ஆசிரியையாகப் பணியாற்றிக்கொண்டிருந்த இருபது வயது ஷார்லட், வகுப்பறையில் கண்ணை மூடிக்கொண்டே ஆங்க்ரியாவைக் காகிதத்தில் எழுதிக்கொண்டிருந்தவர். மாணவியின் குரல் ஒன்று அந்தக் காட்சியைக் கலைத்துவிட்டதை எரிச்சலோடு குறித்துவைத்தவர். அவர் அந்தக் கடிதத்தைப் பத்திரப்படுத்தி வைத்துக்கொண்டார், எழுதுவதை நிறுத்தவில்லை.

1845இன் இலையுதிர் காலத்தில் எமிலியின் நோட்டு ஷார்லட்டின் கண்ணில் தற்செயலாகப் பட்டது. தன் அனுமதியின்றிப் படித்ததற்காக எமிலி கொண்ட கோபத்தைத் தணிக்கவே பல மணி நேரம் ஆயிற்று. பிறகு மூவரும் சேர்ந்து, கரர், எல்லிஸ், ஆக்டன் பெல் என்று ஆணா பெண்ணா என்று தெரியாத புனைபெயர்களில், 61 கவிதைகள் கொண்ட ஒரு தொகுப்பைச் சொந்தச் செலவில் 1846 மே மாதம் வெளியிட்டனர். அச்சுக்குக் கொடுக்கும் முன் எமிலி தம் கவிதைகளிலிருந்து கோண்டால் பெயர்களை நீக்கிவிட்டார். ஓராண்டில் இரண்டே பிரதிகள் விற்றன. இன்று ஒரு பதின்வயதினர் தம் கவிதையை நான்கு பேர் மட்டுமே படித்தார்கள் என்று சோர்ந்துபோகும்போது, இந்த எண்ணிக்கையை அவரிடம் சொல்வது பயன் தரும். அடுத்த ஆண்டு அக்டோபரில் ‘ஜேன் அயர்’ வெளிவந்தபோது, உறங்கும் நாயகனின் படுக்கைத் திரையில் தீப்பற்றும் காட்சியில் வாசகர்கள் திகைத்தனர். பதினேழு ஆண்டுகளுக்கு முன், தீப்பெட்டி அளவிலான அந்த 1830ஆம் ஆண்டு இதழில், குற்ற உணர்வால் மனம் பேதலித்த ஒருவனின் தலைக்குள் எரியும் நெருப்பு படுக்கைத் திரையைப் பற்றிக்கொள்வதாகப் பதினான்கு வயது ஷார்லட் எழுதியிருந்தார் என்பதை அந்த வாசகர்கள் அறியமாட்டார்கள்.

இப்போது திரையில் எழுதும் தலைமுறைக்கு வருவோம். டொராண்டோவில் 2006இல் தொடங்கிய ‘வாட்பேட்’, பெங்களூரில் 2014இல் தொடங்கித் தமிழ் உள்ளிட்ட இந்திய மொழிகளில் இயங்கும் ‘பிரதிலிபி’ போன்ற செயலிகளில் அத்தியாயம் அத்தியாயமாகக் கதை எழுதுவது இளையோரின் பெரும் பொழுதுபோக்காகியுள்ளது. ரசிகர் புனைவுக்கென்று தன்னார்வலர்களே நடத்தும் ‘ஆர்க்கைவ் ஆஃப் அவர் ஓன்’ என்ற காப்பகம் 2009இல் பொதுப் பயன்பாட்டுக்கு வந்தது. ஒரு கோடிக்கும் மேற்பட்ட படைப்புகள் சேர்ந்துள்ள அதற்கு, 2019இல் அறிவியல் புனைகதைத் துறையின் பெருமைக்குரிய ஹியூகோ விருது அளிக்கப்பட்டது. வேல்ஸைச் சேர்ந்த பெத் ரீக்கிள்ஸ் தம் பதினைந்தாம் வயதில் வாட்பேட்டில் எழுதத் தொடங்கிய ‘தி கிஸ்ஸிங் பூத்’ அச்சு நூலாகி, 2018இல் திரைப்படமும் ஆயிற்று. இத்தகைய வெற்றிகள் சிலவே. அவற்றைவிடக் கவனிக்கத்தக்கது அந்த இளையோர் தங்களுக்குள் வகுத்துக்கொண்டுள்ள முறைகள். சரியாக நூறே சொற்களில் ஒரு கதையை முடிக்கவேண்டும் என்ற விதியுடன் எழுதப்படுவது ‘ட்ராபிள்’. வெளியிடும் முன் படித்துப் பிழையும் தொய்வும் காட்டித்தரும் நண்பர் ‘பீட்டா ரீடர்’. இருவர் ஆளுக்கொரு பாத்திரமாக மாறி மாறி எழுதிக் கதையை நகர்த்துவது ‘ரோல்பிளே’. சிறிய பக்கத்தின் கட்டுப்பாடு, பக்கத்து நாற்காலி வாசகர், ப்ரான்வெல் சாகடித்தவளை ஷார்லட் உயிர்ப்பித்தது ஆகிய மூன்றும் இங்கே வேறு பெயர்களில் இருக்கின்றன.

ஒற்றுமையை அளவுக்கு மீறி நீட்டவும் கூடாது. ஹாவர்த்தில் வாசகர் மூவர்தான். மூவரும் எழுதுபவரின் முகத்தையும் மனத்தையும் அறிந்தவர்கள். திரையில் வாசகர்கள் ஆயிரக்கணக்கில் இருக்கலாம், யாரென்றே தெரியாதவர்களாகவும் இருக்கலாம். அவர்களுள் புண்படுத்துவதற்கென்றே வருபவரும் உண்டு, பதின்வயதினரிடம் தவறான நோக்கத்தோடு நெருங்குபவரும் உண்டு. எனவே புனைபெயரில் எழுதுவதும், பள்ளியையும் முகவரியையும் படத்தையும் வெளியிடாமலிருப்பதும் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுக்கவேண்டிய முதல் பாதுகாப்பு. படித்தவர் எண்ணிக்கை திரையின் ஓரத்தில் எப்போதும் தெரிந்துகொண்டே இருப்பது மற்றொரு இடர். எண்ணிக்கைக்காக எழுதத் தொடங்கும் பிள்ளை, தனக்குப் பிடித்ததை விட்டுப் பிறருக்குப் பிடித்ததையே திரும்பத் திரும்ப எழுத நேர்கிறது. பதின்மூன்று ஆண்டுகள் யாரும் எண்ணாத இடத்தில் எழுத முடிந்தது ஷார்லட்டுக்குக் கிடைத்த பெரும்பேறு. அந்தப் பேற்றை வீட்டுக்குள் இன்றும் ஏற்படுத்தித்தர முடியும்: செயலியை மூடிவிட்டு எழுத ஒரு நோட்டும், நேர்மையாகப் படித்துக் கருத்துச் சொல்ல ஓரிரு நண்பர்களும் போதும்.

எழுதியது நிலைக்குமா என்பதும் கவலைக்குரிய கேள்வியே. ஷார்லட் பதின்மூன்று வயதில், 1829 டிசம்பரில், பத்துக் கவிதைகளை எழுதித் தைத்த ஒரு சிறு நூலின் தலைப்பில், ‘பாக்கள்’ என்பதற்கான ஆங்கிலச் சொல்லின் எழுத்துகள் இடம் மாறியிருக்கின்றன. ஜேன் ஆஸ்டன் பதினான்கு வயதில் எழுதிய கதையின் தலைப்பில் ‘நட்பு’ என்ற சொல் அதேபோல் எழுத்து மாறி நிற்கிறது. டெய்சி ஆஷ்ஃபோர்ட் ஒன்பது வயதில் எழுதி 1919இல் அச்சான நாவலின் தலைப்பில் ‘விருந்தினர்’ என்ற சொல்லும் பிழையானது. மூன்று பிழைகளையும் பதிப்பாளர்கள் திருத்தவில்லை; எழுத்தோடு சேர்ந்து பிழையும் நிலைத்துவிட்டது. 1916இல் நியூயார்க் ஏலத்தில் விற்கப்பட்ட பிறகு கண்ணில் படாமலிருந்த ஷார்லட்டின் அந்தக் கவிதை நூல், 2022இல் மீண்டும் வெளிப்பட்டது. தேசிய நூலகங்களின் நண்பர்கள் என்ற பிரிட்டிஷ் அமைப்பு அதை 12.5 லட்சம் டாலருக்கு வாங்கி, குருமனையில் இயங்கும் ப்ரான்டே அருங்காட்சியகத்துக்கு அளித்தது. அதற்கு மூன்றாண்டுகளுக்கு முன், படுக்கைத் திரை தீப்பற்றும் அந்தத் தீப்பெட்டி அளவு இதழையும் பாரிஸ் ஏலம் ஒன்றில், பொதுமக்களின் நன்கொடையும் சேர்ந்து, ஆறு லட்சம் யூரோவுக்கு அருங்காட்சியகம் எடுத்திருந்தது.

கோண்டாலின் உரைநடை வரலாறு முழுவதும் அழிந்துவிட்டது. எமிலியும் ஆனும் ஆண்டுக்கணக்கில் எழுதிய அந்தக் கதைகளில் ஒரு பக்கம்கூட இன்று இல்லை. யார், எப்போது அழித்தார்கள் என்பதற்கும் சான்று இல்லை. ஆண்டிறுதியில் பழைய பேப்பர்க் கடைக்குப் போடுவதற்காகப் பள்ளி நோட்டுகளைக் கட்டும் பெற்றோர், கடைசிப் பக்கங்களை ஒருமுறை திருப்பிப் பார்த்துவிட்டுக் கட்டவேண்டும். அங்கே ஏதேனும் எழுதியிருந்தால் அந்த நோட்டை மட்டும் தனியே எடுத்து வைத்துவிடுங்கள்.